பழைய போர்ஷே 911 காரில் ஏ.சி.யைச் சீரமைப்பதும் பேணுவதும்

1974 முதல் 1989 வரை வெளிவந்த போர்ஷே 911 கார்களை வைத்திருப்பவர்களிடம் ஏ.சி. எப்படி இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் "கேஸ் போட வேண்டும்" என்ற பதிலே கிடைக்கும். அந்தப் பதிலை நம்பி ஆண்டுதோறும் கேஸ் நிரப்பிக்கொண்டிருந்தால் பணம் கரையுமே தவிர, கோடையில் கார் குளிராது. இந்தக் காரின் அமைப்பில் உண்மையான குறைபாடு வேறு இடத்தில் இருக்கிறது: காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே கொட்டுவதற்குப் போதிய இடமும் காற்றும் இல்லை. அதைச் சரிசெய்யாமல் வேறு எதை மாற்றினாலும் பாதிப் பயன்தான் கிடைக்கும் என்பதால், எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்ற வரிசையை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

குளிர்பதன வாயு செல்லும் பாதையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். எஞ்சின் பின்னால் இருப்பதால் கம்ப்ரஸரும் பின்னாலேயே, எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்து நிற்கிறது. அங்கே அழுத்தப்பட்டுச் சூடேறிய வாயு, எஞ்சின் மூடியின் கம்பித்தட்டிக்குக் கீழே பொருத்தப்பட்ட, வெப்பத்தை வெளியே விடும் முதல் கண்டென்சருக்குள் நுழைகிறது. பிறகு காரின் நீளம் முழுவதையும் கடந்து, முன் பம்பர்ப் பகுதியில் தனி மின்விசிறியோடு இருக்கும் இரண்டாவது கண்டென்சருக்கு வருகிறது. முன் ஃபெண்டருக்குள் இருக்கும், ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாகவும், அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகவும் சென்று, முன்பக்க டிக்கியின் அடியில் கண்ணாடியை ஒட்டிய குழியில் உள்ள கூலிங் காயிலை அடைகிறது. அங்கே வெப்பத்தை வாங்கிக்கொண்டு மீண்டும் பின்னால் உள்ள கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. முன்னால் எஞ்சின் உள்ள காரில் ஓரிரு மீட்டரில் முடிந்துவிடும் சுற்று, இங்கே காரின் நீளத்தை இரண்டு முறை கடக்கிறது. இவ்வளவு நீள ரப்பர் ஹோஸும் அதன் இணைப்புகளும்தான் கசிவுக்கு முதல் காரணம்.

இரண்டாவது குறை எஞ்சின் மூடியிலேயே இருக்கிறது. காற்றால் குளிரும் இந்த எஞ்சினின் பெரிய விசிறி, மூடியின் வழியாகத்தான் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றே முதல் கண்டென்சரையும் குளிர்விக்க வேண்டும் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். வண்டி வேகமாக ஓடும்போது இது வேலை செய்கிறது. சிக்னலில் நிற்கும்போது விசிறியின் வேகம் எஞ்சினோடு சேர்ந்து குறைந்துவிடுவதால், கண்டென்சர் வழியே செல்லும் காற்று மெலிந்து, கீழேயிருந்து எஞ்சினின் அனல் மேலே ஏறுகிறது. நெரிசலில் குளிர் குறைந்து நெடுஞ்சாலையில் மீண்டும் திரும்பும் 911 கார்களில் பெரும்பாலும் இதுவே நடக்கிறது.

கேஸ் மாற்றம் ஏன் வந்தது

இந்தக் கார்கள் ஆர்-12 வாயுவுக்காகச் செய்யப்பட்டவை. ஓசோன் படலத்தைக் காக்க 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, 1995 இறுதியோடு வளர்ந்த நாடுகளில் ஆர்-12 உற்பத்தி நின்றது. மீட்டுச் சுத்திகரித்த ஆர்-12 இன்னும் கிடைக்கிறது. ஹோஸ்களும் இணைப்புகளும் இறுக்கமாக இருக்கும் ஒரு காரை அதிலேயே ஓட்டுவதில் தவறில்லை. ஆனால் ஒரு முறை திறந்து வேலை செய்ய வேண்டிய நிலை வந்துவிட்டால், ஆர்-12-இன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ வாயுவுக்கு மாறிவிடுவதே அறிவுடைமை என்று கருதுகிறேன்.

மாறும்போது மூன்று வேறுபாடுகளை மறக்கக்கூடாது. ஒன்று, அழுத்தம். கண்டென்சர் 60 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது ஆர்-12 சுமார் 15 பார் அழுத்தத்திலும், ஆர்-134ஏ சுமார் 17 பார் அழுத்தத்திலும் இருக்கும். ஏற்கெனவே போதாத கண்டென்சருக்கு இது கூடுதல் சுமை. இரண்டு, மூலக்கூறின் அளவு. ஆர்-134ஏ சிறியது என்பதால் பழைய ரப்பரின் ஊடாகவே மெல்ல வெளியேறிவிடும். மூன்று, ஆயில். ஆர்-12 உடன் போன மினரல் ஆயில் ஆர்-134ஏ-யோடு கலக்காது. ஆகவே அது கம்ப்ரஸருக்குத் திரும்பி வராமல் ஹோஸ்களிலும் காயிலிலும் தங்கிவிடும்.

என்னுடைய காரில் இந்த மூன்றும் ஒரே கோடையில் பாடம் சொல்லிக் கொடுத்தன. ஒரு பணிமனையில் பழைய ஹோஸ்களையும் பழைய டிரையரையும் அப்படியே விட்டு, வால்வு முனையை மட்டும் மாற்றி ஆர்-134ஏ நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஓரளவு குளிர்ந்தது. அடுத்த ஆண்டு கேஸ் ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. கம்ப்ரஸரிலிருந்து உரசும் சத்தம் வந்தது. அதன் பிறகுதான் முழுச் சுற்றையும் கழற்றி, முறையாகச் செய்தேன்.

கழற்றும் முன்

முதலில் காருக்குள் வெப்பம் வேறு வழியில் வருகிறதா என்று பாருங்கள். 911-இல் ஹீட்டருக்கான வெப்பம் எக்ஸாஸ்ட் குழாய்களைச் சுற்றிய உறைகளிலிருந்து வருகிறது. தேவையில்லாதபோது அந்தச் சூடான காற்றை வெளியே திருப்பிவிட, காரின் அடியில் இரு பக்கமும் மடல் வைத்த பெட்டிகள் இருக்கின்றன. கேபிள் தளர்ந்தாலோ மடல் துருப்பிடித்து முழுவதும் மூடாமல் நின்றாலோ, ஏ.சி. ஓடும் அதே நேரத்தில் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரையும் மூடி, பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகு கால்பக்கத் துவாரங்களில் கையை வைத்துப் பாருங்கள். சூடு வந்தால் ஏ.சி.யைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். கதவு ரப்பர்களையும், டாஷ்போர்டில் வெளிக்காற்றைத் திறக்கும் நெம்புகோல் முழுவதும் மூடுகிறதா என்பதையும் அதோடு பார்த்துவிடலாம்.

அடுத்து, சுற்றில் மீதமிருக்கும் வாயுவைத் திறந்து காற்றில் விட்டுவிடாதீர்கள். ஆர்-12 ஓசோன் படலத்தை அழிக்கிறது. அமெரிக்காவில் ஆர்-12, ஆர்-134ஏ இரண்டையும் வெளியே விடுவது சட்டப்படி குற்றம். மீட்பு எந்திரம் உள்ள, சான்று பெற்ற பணிமனையில் வாயுவை எடுத்துவிட்டு வந்து, பிறகு வீட்டில் கழற்றுங்கள். கண்ணுக்கு மூடிய கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். திரவமாக வெளிப்படும் கேஸ் தோலில் பட்டால் நொடியில் உறைகாயம் ஏற்படும்.

ஹோஸ்களும் இணைப்புகளும்

உள்ளே நைலான் தடுப்புப் படலம் கொண்ட பேரியர் ஹோஸ்களே வேண்டும். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஒரு சாதாரண காரில் பழைய ஹோஸில் ஆயில் ஊறியிருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பார்கள். ஆனால் 911-இன் நீளத்தில் அந்தச் சிறு கசிவு பல மடங்காகிவிடுகிறது. பழைய ஹோஸைக் கழற்றும்போதே அது போன பாதையையும், ஒவ்வொரு கிளிப் இருந்த இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஹோஸைச் சக்கரக் குழிகளின் வழியாகவும் காரின் அடிப்பகுதி வழியாகவும் கொண்டுசெல்லும்போது, கூர்மையான தகட்டு விளிம்பில் உரசாதபடியும், எக்ஸாஸ்ட்டிலிருந்து விலகியும், டயர் திரும்பும்போது தொடாதபடியும் கட்டவேண்டும். முனைகளை அதற்கான கிரிம்ப் கருவியால் (நசுக்கி இறுக்கும் கருவி) மட்டுமே அழுத்த வேண்டும். முனை அழுத்தாத ஹோஸ்களைக் காரில் வைத்து நீளம் குறித்துக்கொண்டு, முனைகள் எந்தக் கோணத்தில் திரும்பி நிற்க வேண்டும் என்பதைப் பெயின்ட் கோட்டால் அடையாளமிட்ட பிறகு கிரிம்ப் செய்தால் முறுக்கு ஏறாது.

எல்லா ஓ-ரிங்குகளையும் ஆர்-134ஏ-க்கு ஏற்ற, பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும் எச்.என்.பி.ஆர். ரப்பர் வகைக்கு மாற்றுங்கள். அவற்றிலும் மரைகளிலும் மினரல் ஆயிலைப் பூசுங்கள். ஆர்-134ஏ-க்குக் கம்ப்ரஸரில் ஊற்றும், காற்றின் ஈரத்தை ஈர்க்கும் பேக் (PAG) ஆயிலை மரைகளில் பூசினால், சில ஆண்டுகளில் அலுமினியம் அரித்துப் பிடித்துக்கொள்ளும். இறுக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பானர் பிடித்து, ஒன்றால் குழாயைத் தாங்கி மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள்.

வெப்பத்தை வெளியே கொட்டுவது

வரவுசெலவில் பெரும்பகுதியை இங்கே செலவிட வேண்டும். இந்தக் கார்களின் பழைய கண்டென்சர்கள் நீண்ட குழாயை வளைத்துத் தகடு செருகிய வகையைச் சேர்ந்தவை. வாயுவைப் பல சிறிய தட்டைக் குழாய்களில் ஒரே நேரத்தில் பிரித்து அனுப்பும் பேரலல் ஃப்ளோ கண்டென்சர், அதே பரப்பளவில் கணிசமாக அதிக வெப்பத்தை வெளியேற்றும். முன் கண்டென்சரை இவ்வகைக்கு மாற்றி, அதன் மின்விசிறியையும் அதிகக் காற்று தள்ளும் ஒன்றாக மாற்றுவது முதல் படி. விசிறி எந்தத் திசையில் காற்றைத் தள்ளுகிறது என்பதை ஒரு தாள் துண்டை அருகில் பிடித்து உறுதிசெய்யுங்கள். மின்முனைகள் மாறிப்போய், ஓடும் வண்டியின் காற்றுக்கு எதிராகச் சுழலும் விசிறி அரிதல்ல.

இரண்டாவது படி, பின்சக்கரக் குழியில், ஃபெண்டருக்கு உள்ளே, தனி விசிறியோடு ஒரு கூடுதல் கண்டென்சரைப் பொருத்துவது. எஞ்சின் மூடியிலுள்ள கண்டென்சரை நம்பியிருக்கும் நிலையை இது மாற்றுகிறது. நிற்கும்போதும் காற்று ஓட்டம் கிடைக்கிறது. சக்கரம் வீசும் கல்லும் சேறும் படாமல் முன்னால் ஒரு கம்பிவலை வைக்க வேண்டும். சிலர் மூடியிலுள்ள கண்டென்சரை அடியோடு எடுத்துவிடுகிறார்கள். அதனால் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று போகும் என்பது உண்மையே. ஆனால் நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் அந்த மூடிக் கண்டென்சர் நன்றாகவே உதவுகிறது என்பதால், சேதமில்லாத ஒன்றை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ஃபின்களை (மெல்லிய தகடுகளை) சீப்பால் நேராக்கி, எண்ணெய்ப் படிவைக் கழுவினாலே போதும்.

கூடுதல் விசிறிகளுக்குப் பழைய மின்கம்பியைப் பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே, தனி ஃப்யூஸ், போதிய பருமனுள்ள கம்பி வேண்டும். அதே நேரத்தில் உயர் அழுத்தப் பக்கத்தில் ஒரு பிரஷர் சுவிட்சையும் சேர்த்துவிடுங்கள். இந்தக் கார்களில் பலவற்றில் அது இல்லை. கேஸ் மிகவும் குறைந்தாலும், அழுத்தம் அபாயமாக உயர்ந்தாலும் அது கம்ப்ரஸர் கிளட்ச்சை நிறுத்திவிடும். ஆயில் இல்லாமல் ஓடி கம்ப்ரஸர் எரிவதையும், ஹோஸ் வெடிப்பதையும் இச்சிறு பொருள் தடுக்கிறது.

கம்ப்ரஸர், டிரையர், கூலிங் காயில்

பழைய கம்ப்ரஸர் நன்றாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலுள்ள பழைய ஆயிலை முழுவதும் வடிக்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால், ஐந்து பிஸ்டன்கள் கொண்ட, 138 சி.சி. கொள்ளளவுள்ள சாண்டன் எஸ்.டி.5எச்14 வகை பலரும் தேர்ந்தெடுப்பது; அதற்கேற்ற தாங்கி வேண்டும். கிளட்ச்சின் இடைவெளி 0.4 முதல் 0.8 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்பதை ஃபீலர் கேஜால் பாருங்கள். புதிய கம்ப்ரஸர் ஆயிலோடு வரும். அதை வடித்து அளந்து, தயாரிப்பாளர் சொன்ன அளவு இருக்கிறதா என்று உறுதிசெய்து, கண்டென்சரும் காயிலும் புதிதாக இருந்தால் அவற்றுக்கான சிறு அளவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆயில் அதிகமானாலும் குளிர் குறையும்.

வைத்துக்கொள்ளப்போகும் குழாய்களையும் காயிலையும் ஃப்ளஷ் திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதி முழுவதும் காயவிடுங்கள். கம்ப்ரஸரையோ டிரையரையோ எக்ஸ்பான்ஷன் வால்வையோ இப்படிக் கழுவக்கூடாது. டிரையரைக் கட்டாயம் மாற்ற வேண்டும்; ஆர்-134ஏ-க்கும் பேக் ஆயிலுக்கும் ஏற்ற உலர்த்துபொருள் கொண்டதாகவே வாங்கி, எல்லா இணைப்புகளும் முடிந்த பிறகு, கடைசியாக மூடியைத் திறந்து பொருத்துங்கள்.

கூலிங் காயிலின் பெட்டியைக் கழற்றும்போது பல ஆண்டுத் தூசியும் இலையும் ஃபின்களை அடைத்திருப்பதைக் காண்பீர்கள். அதைச் சுத்தம் செய்வதோ, காயிலையே நவீன வகைக்கு மாற்றுவதோ காற்றோட்டத்தை வெகுவாகக் கூட்டும். ஆர்-134ஏ-க்கான எக்ஸ்பான்ஷன் வால்வைப் போட்டு, அதன் உணர்குமிழைக் காயிலின் வெளியேறும் குழாயில் தூய உலோகத்தின் மீது இறுகக் கட்டி, காப்பு டேப்பால் சுற்றுங்கள். தளர்வாக இருந்தால் வால்வு தவறான வெப்பத்தைப் படித்து எல்லா வேலையையும் கெடுத்துவிடும். தெர்மோஸ்டாட்டின் மெல்லிய உணர்குழாய் ஃபின்களுக்குள் பழைய ஆழத்திலேயே செல்ல வேண்டும். ஆர்-134ஏ-யின் கொதிநிலை 0 டிகிரியாக இருக்கும்போது அதன் அழுத்தம் கேஜில் சுமார் 1.9 பார். தாழ்பக்க அழுத்தம் நெடுநேரம் அதற்குக் கீழே இருந்தால் காயிலில் பனி கட்டி, காற்று நின்றுவிடும்.

ஏ.சி.யே இல்லாமல் வந்த காரில் பொருத்துவோருக்கு ஒரு நற்செய்தி: கூலிங் காயில் உட்காரும் அந்தக் குழி காலியாகவே இருக்கும். ஆனால் கூடுதல் பள்ளம் கொண்ட புல்லி, கம்ப்ரஸர் தாங்கி, டாஷ்போர்டின் நடுத்துவாரங்கள் ஆகியவற்றையும் தேட வேண்டும். 1986 மாடலில் அந்தத் துவாரங்கள் பெரிதாக்கப்பட்டன என்பதால், அதற்குப் பிந்தைய பாகங்கள் கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள்.

சோதனை, வேக்கம், கேஸ்

எல்லாம் பொருத்திய பிறகு உலர்ந்த நைட்ரஜனை 7 முதல் 10 பார் வரை ஏற்றி, சோப்பு நீரால் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்து, ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் வெப்பநிலை மாற்றத்தால் வரும் சிறு வேறுபாட்டைத் தவிர முள் நகரக்கூடாது. அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள ஈரம் முழுச் சுற்றிலும் பரவிவிடும்.

பிறகு வேக்கம் பம்பு. இதன் நோக்கம் காற்றை எடுப்பதோடு, உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்கவைத்து வெளியேற்றுவதும்தான். 25 டிகிரியில் நீர் கொதிக்க, அழுத்தம் சுமார் 32 மில்லிபாருக்குக் கீழே போக வேண்டும். நல்ல பம்பு அதைவிட மிகவும் தாழ்வாக, 500 மைக்ரான் (வேக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அழுத்த அலகு) வரை இறக்கும். இவ்வளவு நீளமான சுற்றுக்கு அரைமணி நேரம் போதாது. நான் குறைந்தது இரண்டு மணி நேரம் ஓட்டுகிறேன். வால்வை மூடிய பிறகு மைக்ரான் கேஜ் மெல்ல உயர்ந்து ஓரிடத்தில் நின்றால் ஈரம் மிச்சமிருக்கிறது. நிற்காமல் உயர்ந்துகொண்டே போனால் கசிவு இருக்கிறது.

கேஸை எடை போட்டே நிரப்ப வேண்டும். காரின் பழைய விவரத் தகட்டில் உள்ள ஆர்-12 எடையில் 80 முதல் 90 விழுக்காடு என்பது பொதுவான தொடக்கம். தகட்டில் 1,300 கிராம் என்றிருந்தால் 1,040 கிராமில் தொடங்குங்கள். ஹோஸ்களும் கண்டென்சர்களும் மாறியிருப்பதால் அந்தக் கணக்கு துல்லியமாக இராது. எனவே எஞ்சினை 1,500 முதல் 2,000 சுற்றுகளில் ஓடவிட்டு, நடுத்துவாரத்தில் தெர்மாமீட்டர் வைத்து, 50 கிராம் வீதம் கூட்டிப் பாருங்கள். குளிர் கூடுவது நின்று உயர் அழுத்தம் மட்டும் ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். டிரையரின் கண்ணாடித் துளையில் குமிழி மறையும் வரை நிரப்புவது ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ-யில் அப்படிச் செய்தால் கேஸ் மிகுந்துவிடும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது உயர்பக்கம் 14 முதல் 17 பார், தாழ்பக்கம் சுமார் 2 பார் இருந்தால் சுற்று நலமாக இருக்கிறது. உயர்பக்கம் 20 பாரைத் தாண்டியே நின்றால், மேலும் கேஸ் ஏற்றாமல் கண்டென்சர் விசிறிகளைப் பாருங்கள். முடிந்ததும் ஆர்-134ஏ-க்கான தனி வடிவ முனைகளையும், எந்தக் கேஸ், எந்த ஆயில், எவ்வளவு, எந்தத் தேதி என்ற ஒட்டுச்சீட்டையும் கட்டாயம் வையுங்கள்.

ஆண்டு முழுவதும்

குளிர்காலத்திலும் இரு வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஏ.சி.யை ஓட்டுங்கள். கம்ப்ரஸரின் தண்டு சீல் ஆயிலில் நனைந்திருந்தால்தான் கசியாமல் இருக்கும். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களின் ஏ.சி. கெடுவதற்கு இந்த உலர்ந்த சீலே முதன்மைக் காரணம். கோடை தொடங்கும் முன் பெல்ட்டின் இறுக்கத்தையும், கண்டென்சர்களில் அடைத்த இலை, பூச்சிகளையும், ஹோஸ் கிளிப்புகளையும் பாருங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பத்து முதல் பதினைந்து மி.மீ. வரை தாழலாம். கூலிங் காயிலின் நீர் வடியும் குழாய் அடைத்தால் பாதவிரிப்பு நனையும், நாற்றம் வரும். மெல்லிய நைலான் கம்பியால் அதைத் திறந்துவிடலாம். வண்டியை நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்து விசிறியை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்து பூஞ்சை பிடிக்காது.

குளிர் குறைந்தால் கசிவைக் கண்டுபிடித்த பிறகே கேஸ் ஏற்றுங்கள். கசிவை அடைப்பதாகச் சொல்லும் திரவங்களை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். அவை ஈரம் பட்டு இறுகி எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்துவிடும், பணிமனையின் மீட்பு எந்திரத்தையும் கெடுக்கும். ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும் வெளி வெப்பநிலை, துவாரத்தின் வெப்பநிலை, இரு பக்க அழுத்தம் ஆகிய நான்கையும் ஒரே எஞ்சின் வேகத்தில் அளந்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த முறை குளிர் குறையும்போது, கேஸ் போனதா, விசிறி நின்றதா, கம்ப்ரஸர் தேய்ந்ததா என்பதை ஸ்பானரை எடுக்கும் முன்பே பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து சொல்லிவிடலாம்.